அடைக்கலப் பொருள்

தொண்டுகளுள் கண்ணுக்குத் தெரிவன சில, தெரியாதன பல. பசித்தவர்க்கு அன்னமிடுபவரை உண்டவர் வாழ்த்துகிறார். குழந்தைகளுக்குக் கதை சொல்பவரைக் குழந்தைகள் ஆண்டுகள் பல சென்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அறையின் ஒரு மூலையில் அமர்ந்து காகிதங்களைப் பிரித்து, அடுக்கி, துளையிட்டு, நாடாவில் கோத்து, அட்டையின்மேல் தலைப்பெழுதி அலமாரியில் வைப்பவரை வாழ்த்துவார் யார்? அவரது பணி செம்மையாக நடந்தால், அப்படி ஒரு பணி நடந்ததே எவருக்கும் தெரியாது. பிழைபட்டால் மட்டுமே எல்லோரும் அவரைத் தேடுவர்.

ஆந்திர மாநிலத்தின் சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும் சிறுவர் சிறுமியருக்கான முகாம்கள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. சுலோகம், யோகாசனம், பஜனை, புராணக் கதை, விளையாட்டு என நாட்கள் நிறைவாகக் கழிகின்றன. அவற்றில் தொண்டாற்ற இளைஞர்கள் ஆர்வத்தோடு வருகின்றனர். ஒருவருக்கு வகுப்பெடுக்கும் பொறுப்புக் கிட்டுகிறது, ஒருவருக்குச் சமையற்கூடம், மற்றொருவருக்கு அலுவலக அறையும் அங்கே குவிந்து கிடக்கும் காகிதங்களும். 'இறைபணிக்கென்று வந்தவனுக்குக் குமாஸ்தா வேலையா?' என்ற சலிப்பு அந்த மூன்றாமவர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

அச்சலிப்பினுள் ஆழ்ந்ததோர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. எதிரே நிற்கும் மனிதருக்குச் செய்ய வேண்டிய கடமையை எவரும் அறிவர். எதிரில் இல்லாதவருக்கு, இனி என்றோ வரப்போகிறவருக்கு, ஒருவர் பட்டிருக்கும் கடமை என்ன? காகிதங்களை ஒழுங்குபடுத்துவது வெறும் நிர்வாகத் திறமையா, அன்றி அதுவும் அறத்தின்பாற்பட்டதா?

காகிதத்தின் பின்னே ஒரு முகம்

முகாம் அலுவலகத்தின் மேசைமீது கிடப்பவை யாவை? சேர்க்கை விண்ணப்பங்கள், பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், கட்டண ரசீதுகள், மளிகைக் கடைப் பற்றுச்சீட்டுகள், வருகைப் பதிவேடுகள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை வெறும் காகிதங்கள். சற்று நின்று பார்ப்பவருக்கோ ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு முகம் தெரியும்.

ஒரு தந்தை தம் மகனுக்கு வலிப்பு நோய் உண்டென்பதையும், அது வந்தால் எந்த மருந்து தர வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுத் தருகிறார் என்று கொள்வோர், அவர் அதை எழுத எத்தனை தயங்கியிருப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அயலார் அறிந்தால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் ஒருபுறம். அறியாவிடில் ஆபத்தாகிவிடுமே என்ற கவலை மறுபுறம். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, நம்பி, அந்தத் தாளை அவர் ஒப்படைக்கிறார். நள்ளிரவில் அந்தச் சிறுவனுக்கு வலிப்பு வருமாயின் பொறுப்பிலிருப்பவரின் கைக்கு அந்தத் தாள் நொடியில் கிட்ட வேண்டும். அதே தாள், பகலெல்லாம் அலுவலகத்திற்கு வந்துபோவோர் கண்ணில் படவே கூடாது.

கைக்கு எட்டவும் வேண்டும். கண்ணுக்குப் படவும் கூடாது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதுதான் காகிதங்களை ஒழுங்கு செய்வதன் சாரம். மருத்துவக் குறிப்புகளைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்து, சாவி யாரிடம் உள்ளது என்பதை இரவுப் பொறுப்பாளர் அறியச் செய்வது அதற்கொரு வழி. இது சிறு ஏற்பாடுதான். ஆனால் ஓர் உயிரும் ஒரு குடும்பத்தின் மானமும் அச்சிறு ஏற்பாட்டைப் பற்றி நிற்கின்றன.

தமிழ் மரபில் இதற்குப் பொருத்தமான சொல் உண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு 'அடைக்கலக் காதை' என்றே பெயர். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவரைக் காக்க இயலாமற் போன துயரில் மாதரி தீயில் புகுந்தாள் என்றும் அக்காவியம் கூறுகிறது. மாதரி எந்தத் தவறும் செய்தவள் அல்லள். ஆயினும் அடைக்கலம் என்பது எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதை அவள் முடிவு உணர்த்துகிறது. முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தருவதும் அடைக்கலமே. பிள்ளையைப் பற்றிய காகிதம் அந்த அடைக்கலத்தின் ஒரு பகுதி.

பெயர் என்னும் முதற் கடமை

சித்தூர், திருப்பதிப் பகுதியில் கோப்புகளை அடுக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் பெயர். அங்கே தெலுங்குக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. தெலுங்கு மரபில் 'இண்ட்டி பேரு' எனப்படும் குடும்பப் பெயர் முன்னால் வரும். தமிழ் மரபில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் அகர வரிசையில் அடுக்கினால், ஒருவரை வீட்டுப் பெயரிலும் மற்றொருவரைத் தந்தை பெயரிலும் இன்னொருவரை இயற்பெயரிலும் வைத்துவிடுவார். தேவைப்படும் நேரத்தில் தாள் அகப்படாது. இயற்பெயரைக் கொண்டே அனைவரையும் அடுக்குவது என்று முடிவு செய்து, அந்த விதியைக் கோப்பின் முதல் தாளிலேயே எழுதி வைத்தால் குழப்பம் தீரும்.

முகவரியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரல் 4ஆம் நாள் பிரிக்கப்பட்டது. திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. மதனப்பள்ளிப் பகுதியும் சித்தூரிலிருந்து பிரிந்தது. ஆகவே ஒரே வீட்டில் வாழும் அண்ணனின் பழைய சான்றிதழில் ஒரு மாவட்டமும் தம்பியின் புதிய சான்றிதழில் வேறொரு மாவட்டமும் இருக்கலாம். அவசரக்காரர் இதைப் பொய் எனக் கருதி விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார். பொறுமையுடையவர் ஒரு கேள்வி கேட்டு உண்மையை அறிந்துகொள்வார்.

பிறர் பெயரைப் பிழையின்றி எழுதுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்கு அளிக்கும் மரியாதை அவர் பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஒரு பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் மாறுவது அந்தத் தாள் மட்டுமன்று. அதைப் பார்த்து எழுதப்படும் சான்றிதழும், அச்சான்றிதழைப் பார்த்து எழுதப்படும் அடுத்த தாளும் மாறும். கணிப்பொறி வந்துவிட்டதால் இச்சிக்கல் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவதும் சரியன்று. தவறான பெயரைக் கணிப்பொறி மேலும் வேகமாகப் பரப்பும், அவ்வளவே.

ஏழுமலை தரும் சான்று

காகிதம் காப்பவரின் கடமை எத்துணைப் பழமையானது என்பதை அறிய திருப்பதிக்கு மேலே நிற்கும் மலையைவிடச் சிறந்த இடம் வேறில்லை. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாமவை என்னும் அரசி போக ஸ்ரீநிவாசமூர்த்தியின் வெள்ளித் திருவுருவை அளித்த செய்தியைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்றும் கூறுகிறது.

விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அலுவலகக் கோப்பே எனலாம். அன்பர் ஒருவர் கோயிலின் ஸ்தானத்தாரிடம் பொன் செலுத்துகிறார். அப்பொன் கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவாகிறது. அதனால் பெருகும் விளைச்சலைக் கொண்டு குறித்த நாட்களில் பெருமாளுக்கு அமுது படைக்கப்படுகிறது. எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை நாழி நெய், பிரசாதத்தில் நன்கொடையாளருக்குரிய நாலிலொரு பங்கு எவருக்குச் சேர வேண்டும் என்பனவெல்லாம் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஸ்ரீவைஷ்ணவர்களின் பணிப்பின்படி இதை எழுதியவர் கோயில் கணக்கராகிய திருநின்றவூர் உடையான் என்பதே அது. அதைத் தொடர்ந்து, இத்தருமத்தை ஸ்ரீவைஷ்ணவர்கள் காப்பார்களாக என்ற வேண்டுதல் அமைகிறது. அந்தக் கணக்கரின் முகம் எவருக்கும் தெரியாது. அப்பெயர் தனியொருவருடையதாக அன்றி, தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதியோர் தாங்கிய பெயராகவே நிற்கிறது. ஆயினும் என்றோ பொன் கொடுத்தவரின் எண்ணத்தைப் பல நூற்றாண்டுகள் கழித்து வருபவர் அறிவது அந்தக் கையெழுத்தினால்தான். கொடுத்தவருக்கும் பெறப்போகிறவருக்கும் இடையே, இருவரையும் காணாமலே பாலமாக நின்றவர் அவர்.

அம்மலையே இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமாசார்யர் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது பாடிய சங்கீர்த்தனங்களை அவர் மகன் பெத்த திருமலாசார்யர் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அச்செப்பேடுகள் கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிறு அறையில் வைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவற்றை எடுத்துப் படிப்பாரின்றி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை மீண்டும் அறிஞர் கவனத்துக்கு வந்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேடூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் உழைத்து, படியெடுத்து, வரிசைப்படுத்தி வெளியிட்ட பின்னரே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உலகுக்குக் கிடைத்தன.

இங்கே எண்ணத்தக்கவை இரண்டு. செம்பு அழியவில்லை, ஆனால் அது அழியாமல் இருந்ததால் மட்டும் பாடல் பாடப்படவில்லை. பாதுகாத்தல் வேறு, எடுத்துப் பயன்படுத்தும்படி ஒழுங்கு செய்தல் வேறு. முன்னது உடல் என்றால் பின்னது உயிர். இரண்டாவதாக, செப்பேடுகள் ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயரைக் குறித்தன, மெட்டைக் குறிக்கவில்லை. ஆகவே ஆசிரியர் பாடிய மெட்டுகள் மறைந்தன. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. எழுதி வைத்தது வாழ்ந்தது. 'இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று எழுதாமல் விட்டது மறைந்தது. முகாம் அலுவலகத்திலும் இதுவே நிகழ்கிறது. பால்காரருக்கு முன்பணம் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும் என்று எழுதாமல் விடப்படுகிறது. அடுத்த ஆண்டு 'எல்லோரும்' வேறு ஆட்களாக இருப்பார்கள்.

மூவகைக் கர்த்தா

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் செயல் செய்பவரை சாத்துவிகர், ராஜசர், தாமசர் என மூவகையாகப் பகுக்கிறது. தாமசக் கர்த்தாவின் இயல்புகளைப் பட்டியலிடும்போது அது இறுதியாகக் குறிப்பது 'தீர்க்கசூத்ரி' என்பது. நூலை இழுத்துக்கொண்டே போகிறவன், அதாவது எதையும் முடிக்காமல் நாளை நாளை என்று நீட்டிப்பவன் என்று பொருள். திருவள்ளுவரும் 'மடி இன்மை' அதிகாரத்தில் காலம் நீட்டித்தலையும் மறதியையும் ஒரே வரிசையில் வைத்து எச்சரிக்கிறார்.

இப்பகுப்பைக் கோப்புகள் நிறைந்த அறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். தாமசர் காகிதங்களைக் குவிய விடுகிறார். சித்தூர்ப் பக்கத்து வெயிலில் ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. குண்டூசி துருவேறிக் கையெழுத்தின்மேல் கறை படிகிறது. தரையில் கிடக்கும் கட்டுகளில் கரையான் ஏறுகிறது. எவர்மீதும் அவருக்குப் பகை இல்லை. ஆயினும் அவரது சோம்பலால் யாரோ ஒருவரின் நம்பிக்கை அரிக்கப்படுகிறது.

ராஜசர் இதற்கு நேர்மாறானவர். அவரது அலமாரி பளபளக்கும். ஆனால் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். எல்லோரும் தம்மிடம் வந்து கேட்க வேண்டும் என்பதில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் ஒரு நாள் விடுப்பில் சென்றால் அலுவலகம் திகைத்து நிற்கும். அத்திகைப்பையே தமது பெருமையாக அவர் கொள்கிறார். ஒழுங்கு அவரிடம் அதிகாரமாக மாறிவிட்டது.

சாத்துவிகரோ, முன்பின் அறியாத ஒருவர் நாளை வந்து அமர்ந்தாலும் எடுத்துக்கொள்ளும்படி அடுக்குகிறார். ஒவ்வோர் அட்டைக்கும் தெளிவான தலைப்பு; முதல் தாளில் உள்ளடக்கம்; எடுத்துச் செல்பவர் பெயரும் நாளும் எழுத ஒரு பதிவேடு. தாம் இல்லாதபோதும் பணி தடையின்றி நடக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்வதற்காகவே அவர் உழைக்கிறார். பற்றற்ற செயல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செயல் அரிது. அன்னமிடுபவருக்கு உண்டவரின் முகமலர்ச்சியேனும் பலனாகக் கிட்டும். இவருக்கு அதுவும் இல்லை. இவரால் பயன்பெறுபவர் இவர் பெயரையும் அறியார். அகந்தை தங்குவதற்கு அங்கே இடமே இல்லை.

வைப்பதும் விடுவதும்

'காகிதங்களின்மீது இத்தனை கவனம் பற்றாகாதோ? ஞானி இவற்றையெல்லாம் பொருட்படுத்துவாரோ?' என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. இதற்கு விடை, தன்னுடையதையும் பிறருடையதையும் வேறுபடுத்தி அறிவதில் உள்ளது. தனக்குரியதைத் துறப்பது துறவு. பிறர் ஒப்படைத்ததை அலட்சியம் செய்வது துறவாகாது. அது நம்பிக்கைத் துரோகம். தன் பாராட்டிதழ்களை ஒருவர் கிழித்தெறியலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மருத்துவக் குறிப்பைக் கிழித்தெறிய அவருக்கு உரிமையில்லை.

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதும் அறமன்று. முகாம் முடிந்து கணக்கும் தணிக்கையும் நிறைவேறிய பின், தேவையற்ற அந்தரங்கக் குறிப்புகளை அழித்துவிடுவதே பெற்றோருக்குச் செய்யும் நன்றி. அழிப்பதிலும் முறை உண்டு. எடைக்குப் போடப்படும் பழங்காகிதம் எங்கே செல்கிறது என்பதைக் கடைத்தெருவில் காணலாம். ஒரு சிறுமியின் பெயரும் புகைப்படமும் தொலைபேசி எண்ணும் வேர்க்கடலைப் பொட்டலமாகப் பேருந்து நிலையத்தில் கைமாறுவதை எந்தத் தாய் பொறுப்பாள்? கிழித்தோ எரித்தோ அழிக்க வேண்டியதை எடைக்கு விற்றுப் பெறும் சில ரூபாய்கள் அந்த அடைக்கலத்தை விற்ற விலையே ஆகும்.

சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்பதைக் கடமையாக்கியது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டம் எண்முறையில் உள்ள தரவுகளைப் பற்றியே பேசுகிறது. காகிதத்தில் மட்டும் கிடப்பதற்குக் காவல், அதைக் கையில் வைத்திருப்பவரின் மனச்சாட்சியே.

காகிதங்கள் அழிந்தால் நேர்வது என்ன என்பதை அப்பகுதி மக்கள் அண்மையிலேயே கண்டனர். 2024 ஜூலையில் மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் நிலம் தொடர்பான கோப்புகள் எரிந்தன. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. காரணத்தை ஆராய்வது விசாரணையின் பணி. சாதகர் எண்ண வேண்டியது வேறு: ஓர் உழவர் தலைமுறைகளாக உழுத நிலம் தன்னுடையதுதான் என்று காட்டும் சான்று ஒரு தாளாக எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது. அத்தாளை அவர் நாள்தோறும் காண்பதில்லை. அது இருக்கிறது என்ற நம்பிக்கையில் உறங்குகிறார். பிறருடைய அமைதியான உறக்கம் ஆவணம் காப்பவரின் கையில் உள்ளது.

கோப்பு எஜமானன் ஆகலாகாது

ஒழுங்கை விரும்புவோர் விழிப்போடு இருக்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. கோப்பு மனிதனுக்காக உண்டானது. மனிதன் கோப்புக்காகப் பிறக்கவில்லை. கூலி வேலை செய்யும் பெற்றோர் பிறப்புச் சான்றிதழின்றித் தம் பிள்ளையை அழைத்து வரலாம். 'தாள் இல்லை, சேர்க்க இயலாது' என்று திருப்பியனுப்புவது எளிது. அன்றி, கோப்பு நிறைவாகத் தோன்ற வேண்டுமென்று பிறந்த தேதியைக் கற்பனையாக எழுதிவிடுவதும் எளிது. முன்னது இரக்கமின்மை, பின்னது பொய். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் 'சான்று இல்லை. பெற்றோர் வாய்மொழியாகக் கூறியது' என்று உள்ளபடி எழுதுவதே நேர்வழி. அறியாததை வெற்றிடமாக விடும் நேர்மை, அறிந்ததைப் பிழையின்றி எழுதும் திறமையைவிட உயர்ந்தது. நிறைவாகத் தோன்றும் பொய்க் கோப்பைவிடக் குறையுள்ள மெய்க் கோப்பே பின்வருபவருக்கு வழிகாட்டும்.

ஆகவே அலுவலக மூலையில் அமர்த்தப்பட்ட தொண்டர் சலிப்புறக் காரணமில்லை. வகுப்பறையில் இருப்பவர் எதிரே அமர்ந்த முப்பது பிள்ளைகளுக்குத் தொண்டாற்றுகிறார். இவர் எதிரில் இல்லாத அத்தனை பெற்றோருக்கும், அடுத்த ஆண்டு வரப்போகும் முகமறியாத் தொண்டருக்கும் சேர்த்துத் தொண்டாற்றுகிறார். ஒரு தாளை உரிய இடத்தில் வைக்கும் ஒவ்வொரு முறையும் 'இது என்னுடையதன்று. என்னை நம்பித் தரப்பட்டது' என்ற எண்ணம் உள்ளத்தில் எழுமாயின் அந்த மேசையே வழிபாட்டிடம் ஆகிவிடும். அவ்வெண்ணம் பழகப் பழகக் காகிதத்தோடு நில்லாது. தன் கையில் இருக்கும் பொருளும், தனக்கு வாய்த்த அறிவும், தான் வாழும் வாழ்நாளும் அவ்வாறே சில காலத்திற்குத் தரப்பட்டவை என்பதை மனிதன் உணரத் தொடங்குவான். பெற்றதைக் குறையின்றிக் காத்து, கேட்கப்படும் நாளில் செம்மையாகத் திருப்பித் தருவதே அவன் செய்ய வேண்டியது.